இரண்டு கை பொட்டாஷ்

போன ஞாயிற்றுக்கிழமை ஆனையூரில் மாடித் தோட்டத்துக்கு உரம் வாங்கப் போனேன். கடைக்காரர் சின்னப் பொட்டலம் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். செங்கல் நிறத்தில் பொட்டாஷ் உப்பு. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சரக்கைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்து அந்த மனிதர் முகம் சுண்டிப்போனார். உங்களிடமாவது காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இயற்பியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு முடித்த கோடை. கடலோரத்து அணு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் இரண்டு மாதப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அணு என்றாலே உள்ளே அனல் பறக்கும் என்று நம்பிய அப்பா, நன்னாரி சர்பத் பாட்டில் இரண்டைப் பெட்டியில் திணித்து அனுப்பினார். அங்கே போனால் ஏசியில் பல் தந்தியடிக்கிறது. ஸ்வெட்டர் இரவல் வாங்கினேன். அந்தக் குளிரே கருவிகளுக்காகத்தான், எங்களை யார் கேட்டார்கள்?

எனக்குத் தந்த வேலை, மண்ணில் இயற்கையாகவே இருக்கும் கதிர்வீச்சை அளப்பது. அவரவர் ஊர் மண்ணைத் தருவிக்கச் சொன்னார் எங்கள் வழிகாட்டி மேடம். அப்பாவுக்கு நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் வயல் இருந்தது. ஒரு சாண் தோண்டி ஒரு கிலோ மண் அனுப்பச் சொன்னேன். மூன்றாம் நாள் பார்சல் வந்தது. காயவைத்து, சலித்து, டப்பாவில் அடைத்து, ஈயக் கட்டிகளுக்கு நடுவே இருந்த கருவியில் வைத்தேன். மறுநாள் திரையைப் பார்த்தால், பொட்டாசியத்தின் கதிர்வீச்சைக் காட்டும் கோடு பனைமரம் மாதிரி நிற்கிறது. மற்றவர்கள் மண்ணைவிட நாலு மடங்கு.

நாகமலைக்கு அடியில் ஏதோ புதுத் தாது இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். விடுதி முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. கடைசி வாரம் எல்லோர் முன்னாலும் பேச வேண்டும். அதில் தேறுகிறவர்களைத்தான் அடுத்த வருஷம் ப்ராஜெக்டுக்குக் கூப்பிடுவார்கள். எப்படியாவது திரும்பி வந்துவிட வேண்டும் என்று கிடந்து தவித்தேன். மேடம் மட்டும் திரையை வெகுநேரம் பார்த்தார். யுரேனியமும் தோரியமும் சாதாரணமாக இருக்க, இது மட்டும் ஏன் எகிறுகிறது, வீட்டில் கேட்டுப் பார் என்றார்.

கேட்டேன். அப்பா முதலில் மழுப்பினார். பிறகு குரல் இறங்கியது.

"ரெண்டு கை பொட்டாஷ் போட்டேன் ஆத்தா. கவர்மெண்டு ஆபீசுல சோதிக்கிறாங்கன்னு சொன்னியா... நம்ம மண்ணு ஃபெயிலாகிறக் கூடாதுல்ல."

பொட்டாஷ் என்பதே பொட்டாசிய உரம்தான். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. திட்டித் தீர்த்துவிட்டேன். பேச்சுக்கு இன்னும் நாலே நாள். மறுநாளே அப்பா பஸ் பிடித்து, மஞ்சப்பையில் வெறும் மண்ணோடு வந்து நின்றார். காவலர் உள்ளே விடவில்லை. நான்தான் கேட்டுக்கு ஓடினேன். "ஒண்ணும் கலக்கல ஆத்தா, சத்தியமா" என்று பையை நீட்டினார். சட்டையெல்லாம் கசங்கிக் கிடந்தது. திட்டியதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

புது மண் மற்றவர்களுடையதைப் போலவே சாதாரணமாக இருந்தது. பேசும்போது இரண்டு கோடுகளையும் காட்டி, நடந்ததை அப்படியே சொன்னேன். அரங்கமே சிரித்தது. தொலைந்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது மேடம் எழுந்தார்.

"அடுத்த வருஷம் வரும்போது நீயே தோண்டி எடுத்துட்டு வா."

அடுத்த வருஷம் என்றது உறைக்க எனக்கு அரை நிமிஷம் ஆயிற்று.

அன்று சாயங்காலம் அப்பா போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மண்ணு பாஸா?" பாஸ் என்றேன். டீக்கடையில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டாராம்.

அந்த வயல் இப்போது இல்லை. விற்றாயிற்று. அங்கே ஒரு கல்யாண மண்டபம் வந்துவிட்டது. வயல் இருந்த இடம் முழுக்க வண்டி நிறுத்தச் சிமெண்டுத் தரை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அந்த மண்டபத்துப் பத்திரிகை வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துவிடுவேன். அப்பா ஒரு கல்யாணத்தையும் விடுவதில்லை. பந்திக்குப் போகுமுன், பக்கத்தில் யார் அகப்பட்டாலும் நிறுத்தி, மகளுக்கு மண் எடுத்த இடம் இதுதான் என்று சிமெண்டைச் செருப்புக் காலால் தட்டிக் காட்டுகிறாராம்.