முதல் அழைப்பு கோபன்ஹேகனுக்கு

ரயில் பாஸ் விற்க அட்டவணை தெரிந்தால் மட்டும் போதாது. வாங்குகிறவரின் வீட்டில் யாருக்கு யாரோடு கோபம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் இருந்து வயிறெரிந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். தொண்ணூறுகளில், சுவிஸின் பீல் நகரத்துத் தமிழ்க் கடையொன்றின் மூலையில், அரிசி மூட்டைக்கும் தொலைபேசிக்கும் நடுவே என் கவுண்டர் இருந்தது.

வட்டம் சரிவரவில்லை

மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த தவம் அண்ணை, மகளின் கலியாணத்துக்கு உறவுகளிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று வந்தார். தங்கச்சி பிராங்க்பேர்ட்டில், அக்கா பாரிஸில், பெரியண்ணை கோபன்ஹேகனில். பதினைந்து நாளுக்குள் விரும்பிய ஐந்து நாள் ஓடலாம் என்ற பாஸை எடுத்துவைத்து, பிராங்க்பேர்ட், கோபன்ஹேகன், பாரிஸ் என்று அழகாக ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன். எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

அவர் கடதாசியைத் திருப்பித் தள்ளினார். மூத்தவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டுமாம். மூத்த மகளின் கலியாணத்துக்குத் தங்கச்சி வீட்டில் முதலில் சொன்னது தெரிந்து, பெரியண்ணை வரவேயில்லையாம். இந்த முறையும் அவர் வராவிட்டால் மணவறையில் ஏறமாட்டேன் என்று சின்ன மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். "ரயில் பிராங்க்பேர்ட்டுக்குள்ளாலதானே அண்ணை போகுது?" என்று கெஞ்சினேன்.

"தம்பி, உந்தத் தண்டவாளம் போட்டவனுக்கு எங்கட வீட்டில ஆர் மூப்பெண்டு தெரியுமே?"

ஐந்து பெட்டிகள்

பாஸில் ஐந்து சின்னப் பெட்டிகள் இருக்கும். ரயில் ஏறும் அன்றைக்குத்தான் திகதி எழுத வேண்டும், திருத்தினால் செல்லாது என்று மூன்றுதரம் சொல்லி அனுப்பினேன். மறுநாளே பாஸோடு வந்து நின்றார். ஐந்து பெட்டியிலும் பேனையால் திகதி! நல்ல காரியத்துக்குப் போகிற பயணம் என்று பஞ்சாங்கம் பார்த்து நிரப்பியிருக்கிறார்கள். அதன்படி பெரியண்ணை வீட்டில் ஆறு நாள், அக்கா வீட்டில் ஒரே ஒரு நாள். அக்கா கோபிக்கமாட்டாவோ என்று கேட்டேன்.

"நாள் பாத்தது ஐயர். பிழையெண்டால் அவரோட கதையும்."

கதவு தட்டியது

கோபன்ஹேகன் போகும் அந்த ரயில் பிராங்க்பேர்ட்டில் இருபது நிமிடம் நிற்கும். தங்கச்சிக்கு வேலையே அந்த ஸ்டேஷனில் ரயில் பெட்டிகளைத் துப்பரவாக்குவது என்று அண்ணை என்னிடம் மூச்சுவிடவில்லை. பயணம் முடிந்து வந்துதான் சொன்னார். தங்கச்சி வாளியும் கையுமாக மேடையில் வருவதைக் கண்டதும், பையை இருக்கையிலேயே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கழிவறைக்குள் பூட்டிக்கொண்டாராம். மூலையில் மஞ்சள் பூசிய அழைப்பிதழ்கள் பைக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு கிடந்தன. துப்பரவாக்க வருகிறவர் கழிவறைக்கு வராமல் வேறெங்கே போவார் என்று அந்த மனுசன் யோசிக்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. அண்ணை மூச்சை அடக்கினார். மறுபடியும் தட்டியபோது குரலை மாற்றி, ஜெர்மனில், ஆள் இருக்கிறது என்றார். பெரியண்ணையின் முகமும் மகளின் முகமும் மாறி மாறி வந்துபோக, தாழ்ப்பாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தங்கச்சியின் குரல் தமிழில் வந்தது.

"அண்ணை, நான் உங்களைக் காணேல்லை. பெரியண்ணைக்குச் சொல்லிப்போட்டு, பிறகு எங்களிட்ட ஆறுதலா வாங்கோ. என்ர மத்தியானச் சாப்பாட்டை உங்கட பையில வைச்சிருக்கிறன், கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிடுங்கோ."

பெரியண்ணை கலியாணத்துக்கு வந்து முன்வரிசையில் இருந்தார். நானோ அன்றிலிருந்து, பாஸ் கேட்டு வருகிறவரின் வயதைக் கேட்பதற்கு முன்னால் அவருடைய கூடப்பிறந்தவர்கள் எல்லாருடைய வயதையும் கேட்டு எழுதிக்கொள்கிற ஆளாகிவிட்டேன்.