பக்கத்துக் கேபினில் இருந்தவர்

இருபத்தெட்டு வருஷம் கரும்பலகையில் எழுதிய கை. தோள்வலிக்கு மாத்திரை சாப்பிட்டுச் சலித்துப்போயிருந்தேன். பெங்களூரில் இருக்கும் மகள், நம்ம சங்கரன்கோவிலிலேயே புதிதாக ஒரு வெல்னஸ் ஸ்டுடியோ திறந்திருப்பதைப் போனில் தேடிப் பிடித்து, எனக்கு வாரம் ஒன்றாக மூன்று நாள் இன்ஃப்ராரெட் சானா என்னும் வேர்வைக் குளியலுக்குப் பதிவு செய்துவிட்டாள்.

"வெளிய அடிக்கிற வெயிலு காணாதா? மொட்டை மாடில போயி உக்காருட்டி," என்று என் கணவர் சிரித்தார். சித்திரை மாதம். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

மருந்துக்கடைக்கு மேல் மாடி. துணி பீரோ மாதிரி இரண்டு மரக் கேபின்கள், ஒன்றையொன்று ஒட்டி. ஆவி வரத் தண்ணீரை எங்கே ஊற்ற வேண்டும் என்று கேட்டேன்.

"ஆவி கெடையாது மேடம். கதிர்தான். நேரா ஒடம்புக்குள்ள சூடு போவும்," என்றாள் அங்கே வேலை பார்க்கும் பெண்.

எந்தக் கதிர், எப்படிப் போகும்? எனக்குப் பிடிபடவில்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். அடுப்படிச் சூடும் இல்லை, வெயில் சூடும் இல்லை. ஆனால் வேர்த்துக் கொட்டியது. வலி குறைந்ததா என்று வீட்டில் கேட்டபோது, கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். சொல்லத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் பாதியில் கரண்ட் போய்விட்டது. ஜன்னல் இல்லாத அறை, கும்மிருட்டு. "இன்வெர்ட்டர் இதுக்கு இழுக்காது. அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கிடுங்க," என்று அந்தப் பெண் வெளியிலிருந்து குரல் கொடுத்தாள். கேபின் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்துக் கேபினிலிருந்து சளி கட்டிய ஒரு பெண் குரல் கேட்டது.

"ஒங்களுக்கு என்ன வலி?"

"தோளு. ஒங்களுக்கு?"

"வலின்னு ஒண்ணுமில்ல. எங்க வீட்டுக்காரர் போனதுலேர்ந்து வீட்டுல இருக்க முடியல. ஒரு சத்தங் கெடையாது. இங்கன மிஷினாவது உம்முன்னு கேட்டுக்கிட்டு இருக்கும்."

"ஒருநா சாயங்காலம் எங்க வீட்டுக்கு வாங்களேன்," என்றேன்.

"வாரேன்."

கரண்ட் வந்தது. நேரம் முடிந்து, உடை மாற்றி முன்னறைக்கு வந்தால், நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் எங்கள் பின்வீட்டு அம்மா. சாக்கடைத் தகராறில் நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. போன ஐப்பசியில் அவர் கணவர் இறந்தபோது, அழுகைச் சத்தம் சுவர் தாண்டிக் கேட்டும் நான் துட்டி விசாரிக்கப் போகவில்லை.

"வரச் சொன்னது நீங்கதானா?" என்றார்.

"ஆமா."

தம்ளரை வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

அன்று வீட்டில் பால் கூடுதலாக வாங்கி வைத்தேன். அவர் வர வேண்டும் என்று நினைத்தேனா, வரக்கூடாது என்றா? இரண்டும்தான். வரவில்லை. மூன்று நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"ஒங்க வீட்டுக்காரர் போன அன்னைக்கு நான் வராம இருந்தது தப்பு," என்றேன்.

"காப்பில சீனி கொறச்சுப் போடுங்க," என்றார்.

பிறகு மருமகளைப் பற்றி, பூ விலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். சாக்கடையைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கிளம்பும்போது, "மூணாவது நாளு என்னைக்குப் போறீங்க?" என்று கேட்டார். வியாழக்கிழமை என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

"சண்டை தீந்துட்டா?" என்று என் கணவர் கேட்டார். எனக்கே விளங்கவில்லை.