ஃப்ரெயாவுக்கு எச்சில் படைக்க மாட்டேன்

எங்கள் வீட்டுக் கராஜில் கார் நிற்பதில்லை. கிளென் வேவர்லியில் எங்கள் தெருவில் கராஜை ட்யூஷன் வகுப்பாக்கியவர்கள் இருக்கிறார்கள், உடற்பயிற்சிக் கூடமாக்கியவர்கள் இருக்கிறார்கள். நான் அதை நோர்ஸ் தெய்வங்களுக்குக் கொடுத்துவிட்டேன். ஐரோப்பாவின் வடகோடியில், தேவாலயங்கள் வருவதற்கு முன்னால் மக்கள் கும்பிட்ட தெய்வங்கள். ஒரு பழைய மேசை, அதன்மேல் ரூன் என்னும் அந்த மக்களின் பழைய எழுத்துகள் பொறித்த மரத்துண்டுகள், ஒரு கிண்ணம், ஒரு போத்தல் தேன். கார் வெளியில் நின்று மழையில் நனைகிறது. அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

கோயிலில் ஒரு அன்ரி கேட்டார்: "ஏன் பிள்ளை, எங்கட சாமியள் உமக்குக் காணாதோ?"

"காணும் அன்ரி. இது ஓவர்டைம்," என்றேன்.



நான் ஒரு பரிசோதனை நிலையத்தில் இரத்தம் எடுப்பவள். ஒளித்துக்கொள்ளும் நரம்பைத் தேடிப் பிடிப்பதில் எனக்கு நிகர் அந்தக் கட்டடத்தில் இல்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் இல்லை. ரூன் துண்டுகளை ஒரு ஞாயிற்றுச் சந்தையில் சும்மா அழகுக்காகத்தான் வாங்கினேன். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயரை நீட்டி ஓதினால் அதற்குரிய சக்தி வரும் என்று விற்ற பெண் சொன்னாள். சின்ன வயதில் வருடக்கணக்காகத் தேவாரம் பாடிய தொண்டை என்னுடையது. ஓதுவது என்ன பெரிய வேலையா? ஒரு பகல் கராஜில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்று, ஓர் எழுத்தை மூச்சு முட்டும்வரை நீட்டினேன். எனக்குப் பின்னால் யாரோ வந்து நின்றார்கள்.

கணவர் அப்போது வேலையில் இருந்தார். மகள் பள்ளியில். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆவிகள் உண்டா இல்லையா என்று மண்டையை உடைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. வீட்டுக்கு ஒருவர் வந்தால் முதலில் குடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும். குசினிக்குப் போய்ப் பாலில் தேன் கலந்து கொண்டுவந்து வைத்தேன்.

வந்தவள் ஃப்ரெயா என்று தெரியப் பல மாதங்கள் பிடித்தன. காதலுக்கும் போருக்கும் மந்திரத்துக்கும் உரியவள், பூனைகள் பூட்டிய தேரில் வருபவள். எலிமீதும் மயில்மீதும் வருபவர்களைக் கும்பிட்டு வளர்ந்த எனக்குப் பூனைத் தேர் ஒரு விஷயமே இல்லை. அவளுக்கு உகந்தது வெள்ளிக்கிழமை என்று அறிந்தபோது சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை எப்படியும் மரக்கறிச் சமையல்தான். கணவர் கோயிலுக்குப் போவார், நான் கராஜுக்குப் போவேன்.

அவளைத் தவிர, அதே வடநாட்டு வழக்கப்படி வீட்டைக் காக்கும் ஓர் ஆவியும் எங்களிடம் இருக்கிறது. சுடுதண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்தான் அதற்கு இருப்பு. ஓட்ஸ் கஞ்சி வைத்து, மேலே ஒரு துண்டு வெண்ணெய் போட்டுக் கொடுப்பேன். கணவர் கேலி செய்வார்.

"என்னப்பா, உம்மட ஆளுக்கு இண்டைக்கும் கஞ்சியோ? பாவம், ஒரு தோசையாவது குடுமன்."

ஆனால் வெண்ணெய் முடிந்தால் வாங்கி வருபவர் அவர்தான். அதுவும் விலை கூடிய டென்மார்க் வெண்ணெய். அந்தப் பக்கத்து ஆளல்லவா என்பார்.

இப்படிச் சில வருடங்கள் தனியாகவே செய்தேன். தனியாகச் செய்வதில் ஒரு குறை உண்டு. ஃப்ரெயாவுக்கு என் வாழ்நாள் முழுவதும் உரியவள் என்று நான் சத்தியம் செய்ய விரும்பினேன். நோர்ஸ் வழக்கில் சத்தியம் என்றால் மனிதர்கள் சுற்றி நின்று கேட்க வேண்டும். சாட்சி இல்லாமல் கராஜில் முணுமுணுத்தால் அது சத்தியமாகாது. அதற்காகத்தான் டண்டெனோங் மலைப் பக்கம் இதே தெய்வங்களைக் கும்பிடக் கூடும் ஒரு சிறு குழுவைத் தேடிப் போனேன். பத்துப் பன்னிரண்டு பேர். தலைவி, ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெண். நரைத்த தலை, உரத்த சிரிப்பு. முதல் நாளே என்னை ஓதச் சொன்னார். நான் ஓதி முடித்ததும் இன்னொரு தடவை ஓதச் சொன்னார். அவர்கள் ஓதினால் மாடு கன்றைத் தேடுவது போலிருக்கும். அன்றிலிருந்து ஓதும் வேலை என்னுடையதாயிற்று.

சிக்கல் கொம்பில் வந்தது. சடங்கின் நடுவில் ஒரு மாட்டுக்கொம்பு நிறையத் தேன்மது வரும். ஒவ்வொருவராக வாங்கி, தெய்வத்தை வாழ்த்தி, வாய் வைத்துக் குடித்து அடுத்தவரிடம் கொடுப்பார்கள். எல்லோரும் குடித்த மிச்சத்தைத் தெய்வத்துக்கென்று மரத்தடியில் ஊற்றுவார்கள். முதல் தடவை என்னிடம் வந்தபோது நான் வழக்கம்போல் அண்ணாந்து, உதடு படாமல் வாய்க்குள் ஊற்றினேன். செம்பில் ஊற்றுவது வேறு, வளைந்த கொம்பில் ஊற்றுவது வேறு என்பது அப்போதுதான் தெரிந்தது. காற்றுப் புகுந்து முழு மதுவும் ஒரே வீச்சில் மூக்கு, கண், சட்டை என்று அபிஷேகமாகியது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். விருந்தாளி என்று விட்டுவிட்டார்கள்.

பூமியின் தென்பாதியில் இருக்கும் இந்த நாட்டில் குளிர்காலம் ஜூன் மாதத்தில் என்பதால், நடுக்குளிருக்கான யூல் திருநாளையும் நாங்கள் ஜூனில்தான் கொண்டாடுவோம். அந்த யூலில் நான் சத்தியம் செய்யலாம் என்று தலைவி சொன்னார். கூடவே, சத்தியம் செய்பவர் மற்றவர்களோடு கொம்பில் குடித்து, மிச்சத்தைத் தன் கையால் தெய்வத்துக்கு ஊற்ற வேண்டும் என்றும் சொன்னார்.

"என்னால் முடியாது," என்றேன்.

"கிருமிக்குப் பயமா? நீ தனிக் கோப்பை கொண்டுவரலாம்."

கிருமியா? நாள் முழுக்க ஊராரின் இரத்தத்தையும் சளியையும் குப்பியில் அடைத்து லேபல் ஒட்டுபவள் நான். எச்சிலை அவருக்கு எப்படி விளக்குவது? துப்பல் என்று சொன்னால் முகம் சுளிப்பார். மிச்சம் என்று சொன்னால் அதில் என்ன தவறு என்பார். படையலுக்குச் சமைக்கும்போது உப்புப் பார்க்கக்கூட நாங்கள் நாக்கில் வைப்பதில்லை என்று சொன்னேன். தெய்வம் குடித்து முடித்த பிறகுதான் மனிதர் குடிக்கலாம், மனிதர் குடித்ததைத் தெய்வத்துக்குக் கொடுப்பது அவமானம் என்றேன்.

அந்தக் குழுவில் ஒரு தச்சர் இருந்தார், நெஞ்சுவரை தாடி. தேன்மதுவை மாதக்கணக்கில் வீட்டில் புளிக்கவைத்துக் கொண்டுவருபவர் அவர். அதனால் முதல் வாய் எப்போதும் அவருக்குத்தான். அவர் என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்:

"எங்கள் வாய் உனக்கு அழுக்கா? ஒரே கொம்பில் குடிக்காதவள் எங்களோடு எப்படிச் சேர்வாள்?"

தலைவி இருவரையும் அடக்கினார். யூல் அன்று எல்லோரும் சம்மதித்தால் சத்தியம் நடக்கும், ஒருவர் மறுத்தாலும் நடக்காது என்றார். அதோடு கூட்டம் கலைந்தது.

வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினேன். கணவர் ஆற அமரக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒரு வாய் குடிச்சிட்டு ஊத்திப்போட்டு வாருமன். சாமி வந்து கொம்பையோ பாக்கப்போகுது?"

"சாமி பாக்காது. நான் பாப்பன்."

பல்கலைக்கழகம் போகும் மகள் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினாள். "தட்ஸ் காஸ்ட், அம்மா," என்றாள். சாதிப் புத்தியாம்.

எனக்கு வந்த கோபத்தில் கரண்டியைத் தொட்டிக்குள் எறிந்தேன். ஆனாலும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. சாதி குறைந்தவர்கள் என்று சில பேருக்குத் தனியாகத் தகரப் பேணியும் சிரட்டையும் வைத்திருந்த வீடுகளின் வழியாகத்தான் இந்த எச்சில் கணக்கும் எங்களிடம் வந்தது. தச்சர் கேட்ட கேள்வியை அந்தப் பேணியில் வாங்கிக் குடித்தவர்களும் மனதுக்குள் கேட்டிருப்பார்கள். பிள்ளை சொன்னதில் பாதி சரி என்று எனக்குப் பட்டது. மற்றப் பாதியை நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. தெய்வத்துக்கு முதல் வைப்பது ஒன்று, மனிதர் வாயை அருவருப்பது இன்னொன்று. எங்கள் பெரியவர்கள் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுக் கொடுத்தார்கள். நான் இப்போது அவிழ்க்க வேண்டியிருந்தது.

யூல் அன்று பிற்பகலில் மலையில் பனிப்புகார் இறங்கியிருந்தது. அந்த நிலத்துக்கு ஆதியிலிருந்து உரியவர்களிடமும், அங்கே உறையும் ஆவிகளிடமும் வழக்கம்போல் முதலில் அனுமதி கேட்டோம். பிறகு தலைவி என்னைப் பேசச் சொன்னார். சத்தியம் இன்றைக்கு நடக்காவிட்டால் இவர்களிடம் திரும்பி வர எனக்கு முகம் இருக்காது, வேறு சாட்சிகளுக்கு நான் எங்கே போவேன் என்று பயமாக இருந்தது.

"நிறைந்த கொம்பிலிருந்து முதலில் ஃப்ரெயாவுக்கு ஊற்றுகிறேன்," என்றேன். "அதற்குப் பிறகு நீங்கள் எல்லோரும் குடியுங்கள். கடைசியில் நான் குடிக்கிறேன். உங்கள் எல்லோருக்கும் பிறகு, வாய் வைத்து, அடிவரை."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். எல்லோருடைய பார்வையும் தச்சர் மீது. தான் வடித்த மதுவின் முதல் வாய் மண்ணுக்குப் போவதா என்று அவர் யோசித்தது தாடிக்குள்ளும் தெரிந்தது. பிறகு கொம்பை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"நல்ல மது," என்றார். "அவளே முதலில் குடிக்கட்டும்."

நான் ஓதினேன். அன்று ஓதியதுபோல் அதற்கு முன்னும் பின்னும் நான் ஓதியதில்லை. ஃப்ரெயா வந்து என் இடது தோளருகே நின்றாள். கராஜில் நிற்பதைவிட நெருக்கமாக, கழுத்தில் வெயில் பட்டதுபோல. யாருடைய வாயும் படாத மதுவை மரத்தடியில் ஊற்றினேன். பிறகு கொம்பு சுற்றிவரத் தொடங்கியது. ஒருவர் சளி பிடித்து இருமினார். ஒருத்தியின் உதட்டுச்சாயம் விளிம்பில் படிந்தது. தச்சர் குடித்துத் தாடியைத் துடைத்துக்கொண்டார். கடைசியாக என் கைக்கு வந்தபோது விளிம்பு முழுக்க ஈரம். அதைத் துடைத்துவிட என் கை சட்டை நுனிக்குப் போனது. பொய் சொல்ல மாட்டேன். கண்ணை மூடாமல், உதட்டை அழுத்தி வைத்து, உள்ளி மணமும் சிகரெட் மணமும் கலந்த அந்த மதுவை நிறுத்தாமல் குடித்தேன். பிறகு சத்தியம் செய்பவர் தொட வேண்டிய இரும்பு வளையத்தில் கை வைத்து, அவர்கள் எல்லோரும் கேட்க, என் சத்தியத்தைச் சொன்னேன். குரல் உடையவில்லை. என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

மற்றவர்கள் சாப்பாட்டுப் பக்கம் போனார்கள். தச்சர் என்னிடம் வந்தார்.

"முதல் வாய்க்குத்தான் எல்லோரும் அடிபடுவார்கள். நீ ஏன் எங்கள் மிச்சத்தைக் கேட்டு வாங்கினாய்?"

"என் அம்மா குடித்து வைத்த தேத்தண்ணீரைக் குடித்திருக்கிறேன். என் மகள் தட்டில் மிச்சம் விட்ட சோற்றைச் சாப்பிட்டிருக்கிறேன்," என்றேன். "இன்றுவரை வேறு ஒருவருடையதையும் இந்த வாய் தொட்டதில்லை. கணவருடையதைக்கூட."

அவர் என் கையிலிருந்த கொம்பை வாங்கினார். நான் வாய் வைத்த இடம் எது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த இடத்தில் தன் வாயை வைத்து அண்ணாந்தார். உள்ளே ஒரு சொட்டுத்தான் இருந்திருக்கும். அதைக் குடித்தார்.