ஒட்டடை அடிக்கப் போன கம்பு

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மொட்டைமாடியில் வளைந்து நின்ற ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கழற்றி மாற்றியது. வானொலி ஆன்டெனா கம்பியின் ஒரு முனையைத் தூக்கிப் பிடிக்க அதை நட்டு ஆறு நாள்தான் ஆகியிருந்தது. தேர்ந்தெடுத்தவள் நான். இயந்திரவியல் படித்தவள்.

அம்மா முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்தவள். ஓய்வு பெற்றதும் தேர்வு எழுதி, வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு பேச அமெச்சூர் வானொலி உரிமம் வாங்கினாள். "இனிமே நான் பேசுறேன், ஊர் கேக்கட்டும்" என்றாள். ஞாயிறு நாலு மணிக்குக் கடலுக்கு அப்பால் ஒரு கலங்கரை விளக்கக் காவலர் அவளுக்காகக் காத்திருப்பார். முகம் பார்த்ததில்லை. பத்தொன்பது வருடத்தில் ஒரு வாரம் தவறியதில்லை.

பழைய மூங்கில் அடியில் உளுத்துப்போனதும் கடைக்குப் போனோம். அம்மாவுக்கு ஒரே சோதனைதான்: நுனியைப் பிடித்து ஆட்டுவாள். இரும்புக் குழாய் அசையவே இல்லை. "இதைத் தூக்க யானை வேணும்." புது மூங்கில் பச்சை, காய்வதற்குள் வெடிக்கும். பிளாஸ்டிக் குழாயை ஆட்டியதும் உதட்டைப் பிதுக்கினாள்.

"ஆடுதுடி."

"காத்து, இழுவிசை எல்லாம் கணக்குப் போட்டாச்சும்மா. தாங்கும்."

கணக்கு சரி. வெயிலில் பிளாஸ்டிக் இளகும் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். சனிக்கிழமை மதியம் குழாய் தண்ணீர்த் தொட்டிக்குக் கும்பிடு போட்டது. கம்பி துணிக்கொடி உயரத்துக்கு இறங்கியிருந்தது.

"இன்ஜினியரம்மா, உங்க கம்பத்துக்கு ரொம்ப மரியாதை தெரியுதே!"

"சிரிக்காதம்மா. நாளைக்கு நாலு மணிக்கு என்ன பண்ணப் போற?"

கீழே போனவள், கீழ்வீட்டு பெயின்டரின் நீட்டி மடக்கும் அலுமினியக் கம்போடு ஏறி வந்தாள்.

"என்ன சொல்லி வாங்கின?"

"ஒட்டடை அடிக்கணும்னேன்."

"உலோகம்மா. கம்பி அதுல படக் கூடாது."

"எனக்கே பாடமா?" காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையின் மூலையை அறுத்து, துளை போட்டு, கம்பிக்கும் கம்புக்கும் நடுவே நைலான் கயிற்றால் கட்டினாள். குழாயைக் கழற்றிய இடத்தில் இருவருமாகக் கம்பை நிறுத்தினோம்.

ஞாயிறு காவலரின் குரல் தெளிவாக வந்தது. அம்மா முக்கால் மணி நேரம் என் கணக்கைப் பற்றித்தான் பேசினாள். கடல் தாண்டி ஒருவர் என்னை நினைத்துச் சிரித்தார்.

"ஃபைபர் கம்பம் வாங்கிட்டு, இதை புதன்கிழமை திருப்பிக் குடுக்கணும். ஞாபகப்படுத்துடி."

செவ்வாய்க்கிழமை காலை அவள் இதயம் நின்றது.

சனிக்கிழமை பெயின்டர் வந்தார். துக்கம் கேட்டார். தயங்கினார்.

"அக்கா ஒரு கம்பு வாங்கிட்டுப் போனாங்க..."

காவலருக்கு இன்னும் தெரியாது. எனக்கு உரிமம் இல்லை. உரிமமுள்ள அம்மாவின் தோழி மறுநாள் வந்து அவரிடம் சொல்வதாக ஏற்பாடு. அதுவரை கம்பு இறங்கக் கூடாது.

"ஒட்டடை இன்னும் முடியலண்ணே. திங்கட்கிழமை தர்றேன்."

அவர் வாசலில் இறங்கி, மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"பெரிய சிலந்திதான் போல" என்றார்.

ஞாயிறு நாலு மணிக்குக் காவலரிடம் சொல்லிவிட்டோம். அதற்கப்புறம் மூன்று திங்கட்கிழமைகள் போய்விட்டன. கம்பு இன்னும் மாடியில்தான் நிற்கிறது.