நான் சொல்லிக்கொடுத்த ‘தெரியாது’

கடலூரில் என் ஆபீஸுக்கு இன்டர்ன்ஷிப் வரும் லா காலேஜ் பிள்ளைகள் எல்லாரும் முதல் நாளே ஒரு கேள்வி கேட்பார்கள். “மேடம், டிரையல் பக்கம்தான் வரணும்னு இருக்கோம். படிக்கும்போதே என்ன பண்ணணும்?” சட்டப் புத்தகத்தைக் கையோடு வைத்துக்கொள், கோர்ட் ஹாலில் போய் உட்கார், டைப்பிங் பழகு என்று எல்லாரும் சொல்வதை நானும் சொல்வேன். அதெல்லாம் சரிதான். ஆனால் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது நான் கெடுத்த ஒரு சாட்சி. ஆளாளுக்குச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

1. தயார் செய்த லட்சணம்

நாலாம் வருஷ லீவில் சிதம்பரத்தில் ஒரு சிவில் வக்கீலிடம் சேர்ந்தேன். மேல்பட்டாம்பாக்கத்தில் பஸ் ஏறி, கடலூரில் மாறி, ஒன்பதரைக்கெல்லாம் ஆபீஸில் இருப்பேன். மூட் கோர்ட் என்ற மாதிரி வழக்குப் போட்டியில் கப் வாங்கியவள். தலைக்கனத்துக்குக் குறைச்சல் இல்லை.

சீனியர் ஒரு கேஸ் கட்டைக் கொடுத்தார். வாதி பெயர் அஞ்சலை, குமராட்சிப் பக்கம் முக்கால் ஏக்கர் நஞ்சை. அந்த நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டார். பாதை இல்லாவிட்டால் அறுப்பு மெஷின் உள்ளே போகாது. கேஸ் தோற்றால் நிலத்தை அந்த வேலிக்காரரிடமே கொடுத்துவிட்டு அஞ்சலை கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான்.

“ப்ரூஃப் அஃபிடவிட் போட்டாச்சு. அந்தம்மாவுக்கு அத படிச்சுக் காட்டு. குறுக்கு விசாரணைன்னா என்னன்னு சொல்லு. அதுக்கு மேல ஜாஸ்தி வேணாம்” என்றார் சீனியர்.

எனக்கு அவ்வளவோடு நிறுத்த மனம் வரவில்லை. செமஸ்டர் பரீட்சைக்கு நான் படிப்பது மாதிரியே அஞ்சலை அக்காவையும் படிக்க வைத்தேன். அவர் சாட்சியமாக எழுதிக் கோர்ட்டில் போட்டிருந்த அந்த அஃபிடவிட்டின் ஒன்பது பாராவும் மனப்பாடம். அதுவும் போதாதென்று கடைசியில் ஒன்று சொன்னேன். “இதுல இல்லாதது எது கேட்டாலும் தெரியாதுன்னுடுங்க அக்கா. வாய் குடுத்தா மாட்டிக்குவீங்க.”

“சரி பாப்பா. எது கேட்டாலும் தெரியாது” என்றார் அவர்.

2. கூண்டில்

எதிர்த்தரப்பு வக்கீல் பழம் தின்று கொட்டை போட்டவர். இரண்டாவது கேள்வியிலேயே விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

“அந்தப் பாதையில மதகு எங்கம்மா இருக்கு?”

“தெரியாதுங்க.”

“போன வருஷம் என்ன நெல்லு போட்டீங்க?”

“தெரியாதுங்க.”

“நாத்துக் கட்டெல்லாம் எந்த வழியா கொண்டு போனீங்க?”

“தெரியாதுங்க.”

நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ‘தெரியாது’வையும் டைப்பிஸ்ட் தட்டிக்கொண்டே இருந்தார். “நீங்க அந்த நிலத்துல காலே வெச்சதில்ல. அதான் ஒண்ணும் தெரியல. சரிதானே?” என்று கேட்டார் வக்கீல். அதற்கும் அக்கா “தெரியாதுங்க” என்றார். அதோடு மதிய இடைவேளை விட்டார்கள்.

வராண்டாவில் சீனியர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “என்ன சொல்லிக் குடுத்த?” சொன்னேன். அவர் கத்தவில்லை. “சாட்சி பாதி குறுக்குல நிக்குது. இப்ப அந்தம்மாகிட்ட கேஸ் பத்தி நானும் பேசக் கூடாது, நீயும் பேசக் கூடாது. ஒரு வார்த்த கூட.” தொழில் ஒழுக்கம் என்ற பேப்பரில் இதை எழுதி நான் மார்க் வாங்கியிருக்கிறேன்.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். மூடியில் எனக்கும் கொஞ்சம் புளிச்சோறு வைத்தார். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன்.

“பாப்பா, தெரிஞ்சத தெரியும்னு சொன்னா தப்பாயிடுமா?”

வாய் திறக்கக்கூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். பக்கத்தில் யாரும் இல்லை. “இப்ப கேஸ் பத்தி உங்க கிட்ட பேசக் கூடாதுக்கா” என்று எழுந்து, வராண்டா கடைசிக்குப் போய் நின்றுகொண்டேன். கெடுத்ததும் நான், கைவிட்டதும் நான் என்று இருந்தது. அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

3. ரெக்கார்டில் ஏறியது

மறுபடி கூண்டில் ஏறியதும் அக்கா நேராக ஜட்ஜைப் பார்த்தார்.

“அம்மா, ஒண்ணு கேக்கறேன். தெரிஞ்சத தெரியும்னு சொல்லலாமுங்களா?”

“அதுக்குத்தாம்மா உங்கள கூப்பிட்டிருக்கு” என்றார் ஜட்ஜ்.

“அப்ப காலையில அவரு கேட்டதெல்லாம் எனக்குத் தெரியும்ங்க.”

மளமளவென்று வந்தது. மதகு பாதைக்குத் தெற்கே இருக்கிறது. போட்டது பொன்னி. நாற்று போனது அந்தப் பாதையில்தான். “கொள்ளிடத்துல தண்ணி வந்து பாதைய அரிச்சப்ப, வேலி போட்டாரே, இவுரும் நானும் சேந்துதான் மண்ணு கொட்டுனோம்.” இந்தக் கடைசி விஷயம் எங்கள் கேஸ் கட்டில் எங்குமே இல்லை. நான் அவரைப் பேச விட்டிருந்தால்தானே?

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். “மேடம், சாப்பாட்டு நேரத்துல சொல்லிக் குடுத்துட்டாங்க.”

ஜட்ஜ் அக்காவிடம் கேட்டார். “இடைவேளையில யாராவது கேஸ் பத்திப் பேசுனாங்களா?”

“நான்தாம்மா கேட்டேன். தோ, அந்தப் பாப்பா பேசக் கூடாதுன்னுட்டு எழுந்து போயிடுச்சி. மிச்ச சோறு அப்படியே கெடக்குது.”

வக்கீல் விடவில்லை. “அப்ப காலையில தெரியாதுன்னு சொல்லச் சொன்னது யாரு?”

“அதுவும் அந்தப் பாப்பாதாங்க.”

ஹாலே சிரித்தது. ஜட்ஜ் மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாட்சியத்தில் ஏற்றும் கோர்ட் நடையில் டைப்பிஸ்டுக்குச் சொன்னார்: “காலையில் தெரியாது என்று சொன்னது வக்கீல் ஆபீஸ் மாணவி சொல்லிக்கொடுத்ததால் என்றால் சரிதான்.” கறுப்புக் கோட்டு போடுவதற்கு முன்பே கோர்ட் ரெக்கார்டில் நான் ஏறியது இப்படித்தான்.

சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. வேலியை எடுக்க உத்தரவு. வாதி மதியம் சொன்ன சாட்சியத்தை நம்பலாம், இடைவேளையில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அவர் பதிலே காட்டுகிறது என்று ஜட்ஜ் எழுதியிருந்தார்.

டிரையலுக்கு வரப்போகும் பிள்ளைகளே, இப்போதே பழக வேண்டியது ஒன்றுதான். கட்சிக்காரர் பேசும்போது வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். சாட்சிக்கு உண்மையைத் தவிர எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். இன்றைக்கு நான் தைரியமாக சாட்சியைக் கூண்டுக்கு அனுப்புவது இந்தப் பழக்கத்தால்தான். அன்று வராண்டாவில் நான் லேசாகத் தலையை ஆட்டியிருந்தால், அஞ்சலை அக்கா அதையும் ஜட்ஜிடம் அப்படியே சொல்லியிருப்பார்.