பதினைந்து வெள்ளிக் கோல்

இறந்துபோன நண்பனின் பில்லியர்ட்ஸ் கோலை அவன் மனைவியிடமிருந்து பதினைந்து வெள்ளிக்கு வாங்கினேன். அதன் விலை நூற்றுப் பத்து வெள்ளி என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நான் செய்த தவறு இதுதான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் வயதை நான் கடந்துவிட்டேன்.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தைய வருடங்களில், மலாக்காவின் காஜா பேராங் தெருவில் ஒரு சீனர் நடத்திய பில்லியர்ட்ஸ் கடைக்கு அலுவலகம் விட்டதும் போய்விடுவோம். என்னைப் போல எழுத்து வேலை பார்க்கும் கிராணிகள் நாலைந்து பேர், பள்ளி ஆசிரியர்கள் இருவர், மலாக்காச் செட்டிகள் வாழும் கம்போங் செட்டியிலிருந்து ஒரு பெரியவர். மேசை வாடகை சில காசுகள்தான். அதில் யாரும் கெட்டுப்போகவில்லை. பந்தை அடிக்கும் கோலில்தான் கெட்டோம். கடையின் பொதுக் கோல்கள் மலாக்காப் புழுக்கத்தில் வளைந்து, மேசைமேல் உருட்டினால் நொண்டும். கொஞ்சம் ஆட வந்துவிட்டவனுக்கு அவற்றைத் தொடவே கை கூசும். இங்கிலாந்திலிருந்து வரும் கோலைச் சிங்கப்பூர்க் கடை ஒன்றில் சொல்லித் தருவிக்க வேண்டும். சாதாரணமானது எண்பது வெள்ளி, பிடியில் கருங்காலி பதித்தது நூறுக்கு மேல். அதை வைக்கத் தகரக் குழாய், நுனிக்கு ஒட்டும் தோல் என்று செலவு நீளும். என் மாதச் சம்பளமே அப்போது நூற்றறுபது. ஆசிரியர் ஒருவர் சைக்கிளை விற்றுக் கோல் வாங்கிவிட்டு, நடப்பது உடம்புக்கு நல்லது என்று வீட்டில் சொல்லிக்கொண்டு பள்ளிக்கு நடந்தார்.

மனைவி விலை கேட்டால் என்ன சொல்வது? செட்டிப் பெரியவர்தான் வழி சொன்னார். பல தலைமுறையாக அங்கேயே வாழும் குடும்பம் என்பதால் அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான். "லீமா பெலாஸ்," என்றார். பதினைந்து. யார், எந்தக் கோலை வாங்கினாலும் வீட்டில் பதினைந்து என்றே சொல்ல வேண்டும். ஆளுக்கொரு விலை சொன்னால் பெண்கள் கோயிலில் பார்க்கும்போது ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று விளக்கினார். அதுவே எங்கள் வழக்கமாயிற்று. புதுக் கோலோடு ஒருவன் நுழைந்தால் மற்றவர்கள் பிடித்துக்கொள்வோம்.

"என்னடா, லீமா பெலாஸா?"

"பின்ன? அதுக்கு மேல ஒரு காசு குடுத்திருந்தா என் நாக்கு அழுகிப் போவட்டும்!"

கடையே சிரிக்கும். அப்படிச் சொல்லிச் சிரித்தவர்களில் என் நண்பனும் ஒருவன். அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை. அவனுடைய நூற்றுப் பத்து வெள்ளிக் கோலின் மேல் எனக்கு ஒரு கண் இருந்தது. சில நாள் ஆடக் கொடுப்பான். திருப்பித் தர மனம் வராது.

மெர்டேக்காவுக்கு அடுத்த வருடம் காய்ச்சலில் படுத்தவன் பத்தே நாளில் போய்விட்டான். தற்காலிக வேலை, பென்ஷன் இல்லை. பத்து வயது மகள், கைக்குழந்தையாக ஒரு மகன். ஒரு மாதம் கழித்து அவன் மனைவி என்னை வரச்சொன்னாள். தகரக் குழாய் மேசைமேல் இருந்தது.

"அண்ணே, தையல்காரர் ஒருத்தர் பழைய மிஷின் தர்றேங்கிறாரு. நூறு வெள்ளி கேக்கிறாரு. அது இருந்தா வீட்டோட இருந்து புள்ளைங்களப் பாத்துக்கலாம். இத வித்தா எவ்ளோ வரும்?"

"அவன் என்ன வெலன்னு சொன்னான், தங்கச்சி?"

"பதினஞ்சுன்னாரு."

நான் இருபது வெள்ளியை நீட்டினேன். அவள் ஐந்தைத் திருப்பித் தந்தாள். "வாங்கின வெலைக்கு மேல எனக்கு வேணாம்ணே. நீங்க எடுத்துக்கிறதே பெரிசு."

நண்பனின் பொய்யைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தக் கோல் எனக்கு வேண்டும். வீட்டில் மனைவி விலை கேட்டாள். பதினைந்து என்றேன். கோல் விஷயத்தில் அவளிடம் நான் சொன்ன ஒரே உண்மை அது.

தையல் மிஷின் வேறு யாருக்கோ போயிற்று. நண்பனின் மனைவி செமாபோக்கில் ஒரு வீட்டில் துணி துவைக்கப் போனாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் மகள் பள்ளியை விட்டு நின்றாள். எனக்கு எல்லாம் தெரியும். அந்தக் கோலால்தான் ஆடிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு வருடம் கழித்து அந்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்போதுதான் இருநூறு வெள்ளியும் கோலுமாக, புக்கிட் பாருவில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் போனேன். நண்பனின் மனைவி மட்டும் தனியாக இருந்தாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. "நூத்திப் பத்தா?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டாள்.

"அவரு அத வாங்கின மாசம் சின்னவன் வயித்துல அஞ்சு மாசம். டாக்டர்கிட்ட போவணும்னேன். கையில காசில்ல, அடுத்த மாசம் பாப்போம்னாரு."

பிறகு தொண்ணூற்றைந்து வெள்ளியை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மீதியை என் பக்கம் தள்ளினாள். "இது எங்க காசு. கோல நீங்களே வச்சுக்குங்க."

கல்யாணத்துக்கு என்னை அழைக்கவில்லை. அது எதிர்பார்த்ததுதான். சில மாதங்கள் கழித்து அந்த மகள் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அம்மா வருஷா வருஷம் அப்பா திதிக்கு சமைச்சுப் படைப்பாங்க, மாமா. துணி தொவைச்சிட்டு வந்த கையோட படைப்பாங்க. இந்த வருஷம் அடுப்பே பத்த வைக்கல. அப்பா படத்தையும் கழட்டிட்டாங்க. நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து இப்படி. என்ன சொன்னீங்க?"

அவளிடமும் சொன்னேன். நின்றபடியே கேட்டாள்.

"கல்யாணச் செலவுக்குன்னு காச மட்டும் குடுத்திருக்கலாமே, மாமா," என்றாள்.

அப்படியும் ஒரு வழி இருந்தது எனக்குத் தோன்றவே இல்லை. என் பாரத்தை இறக்கி வைக்கத்தான் போயிருந்தேன். அடுத்த வருடமும் அவள் தாய் படைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு விசாரிக்க எனக்குத் துணிவில்லை.