அரை வரிக்குக் கை கிடையாது

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்பதை நாங்கள் சொல்ல முடியாது, பார்லிமெண்ட்தான் சொல்ல வேண்டும் என்று டெல்லியில் நீதிபதிகள் கைகழுவிய அன்று, நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மற்றப் பெண்களோடு காலண்டருக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தேன். நல்ல சீசன் நேரம். மிஷின்மேன் போனில் செய்தியைச் சத்தமாக வைத்துவிட்டு, "எதுக்குப் பார்லிமெண்டு? ஊரு ஊரா ஓட்டு வைக்கட்டும். ஜனங்க காறித் துப்பிட்டுப் போயிருவாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்பார்கள்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். அவள் என்றால், பல வருஷமாக என்னோடு ஒரே வீட்டில், ஒரே பாயில் இருந்தவள். தாயில்பட்டிப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் தரைச்சக்கரம் சுற்றியவள். அங்கே நடந்த விபத்தில் வலது கை வெந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன பிறகு வீட்டோடு இருந்தாள். மிஷின்மேன் பேச்சைக் கேட்டுக் கோபப்படுவாள் என்று பார்த்தால், நிதானமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டு வைக்கட்டுமே. டெல்லிக்காரனுக்கு நம்மளத் தெரியுமா? நம்ம தெருக்காரங்களுக்குத் தெரியும். கேட்டா சரின்னுதான் சொல்லுவாங்க."

"தெரியாதவன் கை தூக்கலைன்னா எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன். "தெரிஞ்சவன் தூக்காம உக்காந்திருந்தா, மறுநா அவன் மூஞ்சியில எப்படி முழிப்ப?"

"உனக்கு எல்லாரும் கெட்டவங்க" என்றாள். மனுஷர்கள் விஷயத்தில் அவள் ஒரு மடைச்சி. அதை அவள் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன்.

அவளுக்குக் கல்யாண ஆசையெல்லாம் இல்லை. சாவைப் பற்றித்தான் கவலை. நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கள் முகத்தைப் பார்க்காமலே மருந்து எழுதினார். ஆமத்தூரில் அவளுக்கு ஓர் அண்ணன் உண்டு. என்னோடு வரப்போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, அரிவாளால் அவள் கூந்தலை அறுத்துத் தெருவில் தள்ளியவன். "செத்த பெறகு என்னய அவன் கையில கொடுத்துராத" என்பதுதான் அவள் என்னிடம் கேட்ட ஒரே விஷயம். அவளைக் கொடுக்காமல் இருப்பது என் கையில் இல்லை.

எங்கள் தெருவில் பங்குனிப் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்த வீடு ஒரு தலைக்கட்டு, முழு வரி. விதவை, வாழாவெட்டி, கல்யாணம் ஆகாமல் நிற்பவர்கள், எல்லோரும் அரை வரி. நாங்கள் இரண்டு அரை. முழு வரி வீட்டில் சாவு விழுந்தால் எங்கே எடுப்பது, யார் கொள்ளி வைப்பது என்பதை அந்த வீடு சொல்லும், தெரு செய்யும். அரை வரிக்காரி செத்தால் பிறந்த வீட்டுக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்துவிடுவார்கள். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் மீறி நான் பார்த்ததில்லை.

அந்தப் பங்குனியில் வரிக்கூட்டம் கோயில் முன்னால் கூடியது. அவள் போயே தீருவேன் என்றாள். மூச்சு வாங்க என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தவள், பெண்கள் உட்கார்ந்திருந்த ஓரத்தில் எழுந்து நின்றாள்.

"ரெண்டு அரையும் சேந்தா ஒண்ணுதான. நாங்க ஒரே ஒலையில பொங்கித் திங்கோம். எங்கள ஒரே தலைக்கட்டா எழுதிக்கோங்க. நான் செத்தா இவ சொல்லுறபடி எடுத்துப் போடுங்க. அம்புட்டுத்தான் கேக்கேன்."

பின்னாலிருந்து ஒருவன், "அப்ப இதுல யாரு புருசன்?" என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நாட்டாமை, வெடிக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருப்பவர், "சிரிக்காதீகப்பா" என்று தன் சிரிப்பைத் துண்டால் துடைத்துக்கொண்டார். யாரிடமும் சுள்ளென்று பேசாத மனுஷர். "அவுக கேட்டுட்டாக. நான் ஒருத்தன் முடிவு சொல்லுறது நல்லாருக்காது. ஊரு சொல்லட்டும். சம்மதம் உள்ளவங்க கை தூக்குங்க."

நான் கூட்டத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். அவள் எதிர் வீட்டுக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு உடன்பிறந்தாள் கிடையாது. அவன் மகள் பெரிய மனுஷியானபோது அத்தை முறைக்கு ஆளில்லாமல் இவளைத்தான் கூப்பிட்டான். அந்தக் கருகிய கையால் இவள்தான் அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றினாள். வாரத்தில் பாதி நாள் அவன் சாப்பிட்டது இவள் வைத்த கருவாட்டுக் குழம்பு. அவன் குனிந்து, செருப்பில் ஒட்டியிருந்த மண்ணை ஒரு குச்சியால் அக்கறையாகச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

ஒரு கை எழுந்தது. அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கை தூக்கியவன் பக்கத்து ஆளிடம் ஏதோ கேட்டுவிட்டு, "ஐயய்யோ, மைக்செட்டுக்குன்னுல்ல நினைச்சேன்" என்று சட்டென்று இறக்கினான். மறுபடியும் சிரிப்பு.

அப்போது அவள் தன் கையையே தூக்கினாள். விரல் பிரியாத அந்தக் கை தோளுக்கு மேலே போகாது. இடது கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாட்டாமை மெதுவாக, அன்பாகவே சொன்னார்.

"யக்கா, கையை இறக்குங்க. அரை வரிக்குக் கை கிடையாது."

பிறகு சம்மதம் இல்லாதவர்களைக் கை தூக்கச் சொன்னார். அதற்கும் ஒருவரும் தூக்கவில்லை. "சரி, யாரும் எதுக்கல, யாரும் சம்மதிக்கல. பழையபடியே இருக்கட்டும். அடுத்து மைக்செட்டு." அவள் உட்கார்ந்தாள். மைக்செட்டுக்கு எல்லாக் கைகளும் எழுந்தன.

மறுநாள் எதிர் வீட்டுக்காரன் ஒரு தூக்குச்சட்டியில் வெண்பொங்கலோடு வந்தான். "நான் எதுத்துக் கை தூக்கலையேக்கா" என்றான். வாசலில் நின்று உபகாரம் செய்தவன் மாதிரி காத்திருந்தான். "அது போதும்யா" என்று வாங்கிக்கொண்டாள். அவன் போனதும் என்னைப் பார்த்து, "பாத்தியா, எதுத்து ஒரு கை இல்ல" என்றாள். அந்த நிமிஷம் அவளை ஓங்கி அறைந்திருப்பேன். நோயாளி என்பதால் விட்டேன். பொங்கலைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினேன். அவள் அதற்கும் திட்டினாள்.

பார்லிமெண்டா, ஜன ஓட்டா என்று அச்சகத்தில் இப்போதும் எப்போதாவது வாய்ச்சண்டை நடக்கும். நான் பார்லிமெண்ட் கட்சி. அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள் என்றில்லை. அவர்களும் இன்றுவரை செருப்பைத்தான் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு நான் குழம்பு ஊற்றவில்லை. என் வாழ்க்கையை, சோற்றுக்கு நடுவில் கல் கிடக்கிறதா என்று பார்ப்பது மாதிரி பார்க்க, தினமும் என் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறவனுக்கு என்ன உரிமை? அதுவும் அவள் கையை இறக்கச் சொல்லிவிட்டு.

அவள் ஐப்பசி மழையில், ஒரு மத்தியானம் போய்விட்டாள். தலை என் மடியில் இருந்தது. தெரு உடனே வந்துவிட்டது, அதைக் குறை சொல்ல முடியாது. பந்தல் போட்டார்கள், எனக்குக் காப்பி கொடுத்தார்கள். அதற்கு முன்பே நாட்டாமை ஆமத்தூருக்குப் போன் போட்டுவிட்டார். "அவன் வேண்டாம்னு சொன்னாளே, நான் சொல்லுறபடி எடுக்கணும்னு உங்க முன்னாலதான கேட்டா" என்று அவர் காலில் விழுந்தேன். "எந்திரிங்க. நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்று என்னைத் தூக்கிவிட்டார்.

அண்ணன் லோடு ஆட்டோவோடு வந்தான். என்னை நன்றாகத் தெரிந்தும், "இது யாரு?" என்று கேட்டான். "பக்கத்து வீட்டுக்காரக" என்றார் நாட்டாமை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பார். எதிர் வீட்டுக்காரன் கால்மாட்டைப் பிடித்து ஏற்றினான், தேம்பித் தேம்பி அழுதுகொண்டே. நான் ஏறப் போனபோது இடமில்லை என்றார்கள். எனக்குப் பிறகு அண்ணனோடு வந்த இரண்டு பேர் ஏறினார்கள். அவன் அறுத்த தலைமுடி இத்தனை வருஷத்தில் இடுப்புவரை வளர்ந்திருந்தது. அது ஆட்டோவின் ஓரத்தில் வெளியே தொங்குவதைத் திருப்பம் வரை பார்த்தேன்.

அடுத்த பங்குனியில் வரிக்கு வந்தவர்கள், "ஒரு ஆளு குறைஞ்சிருச்சு, உங்களுக்கு அரை வரி போதும்" என்றார்கள். நான் முழு வரி கொடுத்தேன். மிச்சம் எதற்கு என்றார்கள். "அவ வரி" என்றேன். செத்தவளுக்கு வரி வாங்க முடியாதே என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். திருப்பிக் கொடுக்க அவர்களுக்கு மனசு வரவில்லை.

பொங்கலன்று சாயங்காலம் கோயில் முன்னால் நின்றிருந்தேன். மைக்செட்டில் நாட்டாமை ஒவ்வொரு நன்கொடையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் பேரைச் சொல்லி, "அன்னாரின் நினைவாக, அன்னாரின் பக்கத்து வீட்டுச் சகோதரி வழங்கிய நன்கொடை" என்றார். தெரு முழுக்கக் கை தட்டியது. எதிர் வீட்டுக்காரன் எனக்குத் தெரிய வேண்டும் என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினான்.